இரண்டு புள்ளிகளிலிருந்து நேர்கோட்டின் சமன்பாடு: மனப்பாடம் இல்லாமல் கண்டுபிடிக்கும் வழி

ஒரு தாளில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு புள்ளி வையுங்கள். ஸ்கேலை வைத்து இரண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுங்கள். இப்போது அதே இரண்டு புள்ளி வழியாக வேறொரு நேர்கோடு இழுக்க முயன்று பாருங்கள். முடியாது. பென்சில் பழைய கோட்டின் மேலேயே மறுபடி ஓடும். ஒரே ஒரு புள்ளி இருந்தால் அதன் வழியாக எத்தனை கோடு வேண்டுமானாலும் போகலாம். இரண்டாவது புள்ளியை வைத்ததும் அத்தனையும் கழிந்து ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது. பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் வடிவியலைத் தொடங்கும்போது முதல் அடிப்படையாக வைத்துக்கொண்டதே, ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நேர்கோடு வரையலாம் என்பதைத்தான்.

கோடு முடிவாகிவிட்டால் அதன் சமன்பாடும் முடிவாகிவிட்டது. வெளியிலிருந்து வேறெந்தத் தகவலும் வேண்டியதில்லை. இந்த நம்பிக்கையோடு கணக்கைத் தொடங்குங்கள், பாதிப் பயம் போய்விடும்.

இந்தக் கணக்கில் தடுமாறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் சூத்திரத்தை முதலில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அப்புறம் நான்கு எண்களில் எது எங்கே போகும் என்று குழம்புகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் சூத்திரத்தைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அது வரும்போது உங்களுக்கே அது ஏற்கெனவே தெரிந்ததாகத் தோன்ற வேண்டும்.

சமன்பாடு என்றால் இங்கே என்ன?

ஒரு புள்ளியை (2, 5) என்று எழுதினால் முதல் எண் எக்ஸ், இரண்டாவது எண் ஒய். எக்ஸ் இட வலமாக எவ்வளவு தூரம் என்று சொல்லும். ஒய் மேலே கீழே எவ்வளவு என்று சொல்லும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. (2, 5) வேறு, (5, 2) வேறு.

கோட்டின் சமன்பாடு என்பது அந்தக் கோட்டில் இடம் கேட்டு வரும் புள்ளிகளுக்கு வைக்கும் ஒரு நிபந்தனை. ஒய் = 2 எக்ஸ் + 1 என்ற நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். (4, 9) வருகிறது. எக்ஸ் 4, அதை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் 9. அதன் ஒய்யும் 9. சரி, இடம் உண்டு. (4, 10) வருகிறது. கணக்கு 9 என்கிறது, அதன் ஒய் 10. இடம் இல்லை. கோட்டின் மேலுள்ள எல்லாப் புள்ளிகளும் இந்த நிபந்தனைக்குப் பொருந்தும். வெளியே உள்ள ஒரு புள்ளிகூடப் பொருந்தாது. இடங்களை எண்களாலும் வடிவங்களைச் சமன்பாடுகளாலும் எழுதும் இந்த முறையைப் பிரெஞ்சு அறிஞர் ரெனே டேக்கார்ட் 1637-ல் வெளியிட்டார். அதே காலத்தில் பியேர் டி பெர்மாவும் தனியாக இதே யோசனைக்கு வந்திருந்தார். அதுவரை ஸ்கேலும் காம்பஸும் வைத்துப் பார்த்த வடிவங்களை, அதன் பிறகு கூட்டல் கழித்தலால் பார்க்க முடிந்தது.

முதல் வேலை: சாய்வு

(2, 5), (6, 13) என்ற இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். முடிந்தால் ஒரு கிராஃப் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் புள்ளியில் விரலை வையுங்கள். இரண்டாவது புள்ளிக்குப் போக வேண்டும், ஆனால் கோட்டின் மேலேயே போகக்கூடாது. முதலில் வலப்பக்கம், பிறகு மேலே. வலப்பக்கம் எத்தனை கட்டம்? 2-லிருந்து 6 வரை, 4 கட்டம். மேலே எத்தனை? 5-லிருந்து 13 வரை, 8 கட்டம்.

4 கட்டம் வலப்பக்கம் போனால் 8 கட்டம் ஏறுகிறது. அப்படியென்றால் 1 கட்டம் போனால்? 2 கட்டம் ஏறும். இந்த 2-தான் சாய்வு. ஒரு அடி வலப்பக்கம் வைத்தால் கோடு எத்தனை அடி ஏறுகிறது என்பதே சாய்வு. கணக்காக எழுதினால் இப்படி:

சாய்வு = (ஒய்களின் வித்தியாசம்) ÷ (எக்ஸ்களின் வித்தியாசம்) = (13 − 5) ÷ (6 − 2) = 8 ÷ 4 = 2

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம், விஷயமே இதில்தான் இருக்கிறது. வளைந்த பாதையில் ஏற்றம் இடத்துக்கு இடம் மாறும்: தொடக்கத்தில் மெதுவாக ஏறும், நடுவில் செங்குத்தாக ஏறும். நேர்கோட்டில் அது மாறவே மாறாது. கோட்டின் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்து இந்த வகுத்தலைச் செய்தாலும் அதே 2 வரும். வலப்பக்கம் போன வழி, மேலே போன வழி, கோடு மூன்றும் சேர்ந்தால் ஒரு முக்கோணம் ஆகும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை எடுத்தால் சின்ன முக்கோணம், தூரத்துப் புள்ளிகளை எடுத்தால் பெரிய முக்கோணம். ஆனால் அவை எல்லாமே வடிவொத்த முக்கோணங்கள், ஆகவே பக்கங்களின் விகிதம் ஒன்றே. ஒரு கோடு நேராக இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதை எண்ணால் சொன்னால், அதன் சாய்வு எங்கும் ஒன்றுதான் என்று ஆகிறது.

இரண்டாம் வேலை: வெட்டுத்துண்டு

சாய்வு 2 என்று மட்டும் சொன்னால் போதாது. அதே சாய்வுள்ள கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக எத்தனையோ இருக்கின்றன. நம்முடைய கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். எக்ஸ் பூச்சியமாக இருக்கும்போது, அதாவது கோடு ஒய் அச்சைத் தொடும் இடத்தில், ஒய் எவ்வளவு? அதற்குத்தான் வெட்டுத்துண்டு என்று பெயர்.

இதற்கும் சூத்திரம் தேவையில்லை. (2, 5)-லிருந்து பின்னால் நடந்து போங்கள். ஒரு அடி வலப்பக்கம் வைத்தால் 2 ஏறும் என்றால், ஒரு அடி இடப்பக்கம் வைத்தால் 2 இறங்கும். எக்ஸ் 2-ல் ஒய் 5. எக்ஸ் 1-ல் ஒய் 3. எக்ஸ் 0-ல் ஒய் 1. வந்துவிட்டோம், வெட்டுத்துண்டு 1.

எண்கள் பெரிதாக இருந்தால் அடி அடியாக நடக்க முடியாது. அப்போது ஒரே தாவலில் செய்யலாம்:

வெட்டுத்துண்டு = ஒய் − சாய்வு × எக்ஸ் = 5 − 2 × 2 = 1

நடந்து போனதைத்தான் இந்த வரியும் செய்கிறது: இரண்டு அடி பின்வாங்கினால் நான்கு இறங்குகிறோம். இனி எழுதலாம்:

ஒய் = 2 எக்ஸ் + 1

எந்தப் புள்ளியிலிருந்து பின்னால் நடப்பது என்று கேட்பார்கள். எதிலிருந்து நடந்தாலும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம். அதனால் கணக்குக்கு எளிதான புள்ளியை எடுங்கள். எண்கள் சிறியதாக உள்ளது, மைனஸ் குறி இல்லாதது, பூச்சியம் உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. எக்ஸ் பூச்சியமாக உள்ள புள்ளி கொடுக்கப்பட்டிருந்தால் நடக்கவே வேண்டாம், அதன் ஒய்தான் வெட்டுத்துண்டு.

மூன்றாம் வேலை: மற்ற புள்ளியை வைத்துச் சரிபார்த்தல்

இதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் விடை சரியா தப்பா என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எல்லாக் கணக்கிலும் கிடைப்பதில்லை. இதில் கிடைக்கிறது, அதுவும் பத்து வினாடியில்.

நாம் வெட்டுத்துண்டு காண (2, 5)-ஐப் பயன்படுத்தினோம். அதனால் சரிபார்க்க (6, 13)-ஐ எடுக்க வேண்டும். எக்ஸ் 6 என்றால் 2 × 6 + 1 = 13. பொருந்துகிறது, வேலை முடிந்தது.

ஏன் மற்ற புள்ளி? (2, 5)-ஐயே மறுபடி போட்டால் சாய்வு தப்பாக இருந்தாலும் பொருந்திவிடும். சாய்வைத் தவறுதலாக 3 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுத்துண்டு 5 − 6 = −1 என்று வரும். ஒய் = 3 எக்ஸ் − 1. இதில் (2, 5)-ஐப் போட்டால் 6 − 1 = 5, அழகாகப் பொருந்துகிறது! (6, 13)-ஐப் போட்டால் 17 வருகிறது. அங்கேதான் தப்பு பிடிபடுகிறது.

மைனஸ் வரும்போது

இந்தப் பாடத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி மைனஸ் குறியால் வருவதுதான். (−3, 4), (5, −2) என்ற புள்ளிகளை எடுத்துக்கொள்வோம்.

கணக்குப் போடும் முன்பே ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். இடப்பக்கப் புள்ளி 4 உயரத்தில் இருக்கிறது, வலப்பக்கப் புள்ளி −2-க்கு இறங்கிவிட்டது. கோடு இறங்குகிறது. எனவே சாய்வு மைனஸில்தான் வர வேண்டும். இதைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பிளஸ் வந்தால் உடனே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பீர்கள்.

சாய்வு = (−2 − 4) ÷ (5 − (−3)) = −6 ÷ 8 = −3/4

கீழே 5 − (−3) என்பது 8. அவசரத்தில் 5 − 3 என்று எழுதி 2 ஆக்கிவிடுகிறவர்கள் பலர். மைனஸ் எண்ணைக் கழிக்கும்போது அடைப்புக்குறியை விடாமல் போடுங்கள். இன்னும் சந்தேகம் வந்தால் எண்கோட்டில் விரல் வைத்து எண்ணுங்கள்: −3-லிருந்து 0 வரை மூன்று, 0-லிருந்து 5 வரை ஐந்து, மொத்தம் எட்டு.

இன்னொரு தவறு, மேலே ஒரு வரிசையிலும் கீழே வேறு வரிசையிலும் கழிப்பது. மேலே இரண்டாவது புள்ளியிலிருந்து முதல் புள்ளியைக் கழித்தால் கீழேயும் அப்படியே கழிக்க வேண்டும். வரிசையை இரண்டிலும் சேர்த்து மாற்றினால் பிரச்சினை இல்லை: (4 − (−2)) ÷ (−3 − 5) = 6 ÷ (−8), அதே −3/4 தான். மேலே ஒன்று கீழே ஒன்று என்று செய்தால் குறி தலைகீழாகிவிடும்.

அப்புறம் வெட்டுத்துண்டு. (−3, 4)-ஐ எடுத்தால் 4 − (−3/4) × (−3) = 4 − 9/4 = 7/4. ஆகவே

ஒய் = −(3/4) எக்ஸ் + 7/4

சரிபார்ப்பு (5, −2)-ஐ வைத்து: −15/4 + 7/4 = −8/4 = −2. சரி.

பின்னம் கண்ணை உறுத்தினால் இரு பக்கத்தையும் 4-ஆல் பெருக்கி எக்ஸை இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடலாம்: 3 எக்ஸ் + 4 ஒய் = 7. இதுவும் அதே கோடுதான். பின்னத்தைத் தசமமாக மாற்றுவதை மட்டும் முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். (1, 2), (100, 35) என்ற புள்ளிகளுக்குச் சாய்வு 33 ÷ 99, அதாவது 1/3; வெட்டுத்துண்டு 5/3. அவற்றை 0.33, 1.67 என்று சுருக்கிவிட்டு எக்ஸுக்கு 100 போட்டுப் பாருங்கள். 35 வர வேண்டிய இடத்தில் 34.67 வரும். பின்னமாகவே வைத்திருந்தால் 105/3, சரியாக 35.

படுத்த கோடும் நின்ற கோடும்

(−2, 7), (4, 7) என்று இரண்டு புள்ளிகளின் ஒய்யும் ஒன்றாக இருந்தால் கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சாய்வு 0 ÷ 6 = 0. சமன்பாடு ஒய் = 7, அவ்வளவுதான்.

(3, 1), (3, 9) வேறு கதை. வலப்பக்கம் நகரவே இல்லை, ஆனால் 8 ஏறியாயிற்று. 8 ÷ 0 என்று வரும். பூச்சியத்தால் வகுக்க முடியாது. இந்த இடத்தில் சிலர் சாய்வு பூச்சியம் என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு, பூச்சியச் சாய்வு படுத்த கோட்டுக்கு உரியது. செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சாய்வு இல்லை என்பதால் சமன்பாடு இல்லாமல் போகாது. அந்தக் கோட்டில் இடம் கேட்கும் புள்ளிக்கு நிபந்தனை ஒன்றுதான்: எக்ஸ் 3 ஆக இருக்க வேண்டும். ஒய் எதுவாகவும் இருக்கலாம். எனவே எக்ஸ் = 3.

கணக்கைத் தொடங்கும் முன் இரண்டு எக்ஸும் ஒன்றா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

இப்போது அந்தச் சூத்திரம்

முதலில் எடுத்த (2, 5), (6, 13)-க்கே திரும்பிப் போவோம். எக்ஸ் 2-லிருந்து 6-க்குப் போகும் வழியில் 3-ல் நிற்கிறோம். நான்கு அடியில் ஒரு அடி போயிருக்கிறோம், கால் பங்கு வழி. ஒய் 5-லிருந்து 13-க்குப் போகும் வழியில் அப்போது எங்கே இருக்கும்? அதுவும் கால் பங்கு வழிதான் போயிருக்கும்: எட்டில் கால் இரண்டு, 5 + 2 = 7. ஒய் = 2 எக்ஸ் + 1-ல் 3-ஐப் போட்டாலும் 7 வருகிறது. நேர்கோட்டில் நடக்கும்போது குறுக்கே எத்தனை பங்கு வழி கடந்தோமோ, மேலேயும் அத்தனை பங்கு கடந்திருப்போம். இதை அப்படியே எழுதினால்:

(ஒய் − முதல் ஒய்) ÷ (இரண்டாம் ஒய் − முதல் ஒய்) = (எக்ஸ் − முதல் எக்ஸ்) ÷ (இரண்டாம் எக்ஸ் − முதல் எக்ஸ்)

பாடப்புத்தகம் இரு புள்ளி வடிவம் என்று தருவது இதைத்தான். இடப்பக்கம் மேலே கடந்த பங்கு, வலப்பக்கம் குறுக்கே கடந்த பங்கு. எந்த எண் எங்கே போகும் என்று இனி மறக்காது.

இதையே குறுக்குப் பெருக்கல் செய்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது:

(இரண்டாம் எக்ஸ் − முதல் எக்ஸ்) × (ஒய் − முதல் ஒய்) = (இரண்டாம் ஒய் − முதல் ஒய்) × (எக்ஸ் − முதல் எக்ஸ்)

இந்த வடிவத்தில் வகுத்தலே இல்லை. அதனால் செங்குத்துக் கோட்டுக்கும் இது வேலை செய்யும். (3, 1), (3, 9)-ஐப் போடுங்கள்: 0 × (ஒய் − 1) = 8 × (எக்ஸ் − 3). இடப்பக்கம் பூச்சியம். ஆகவே எக்ஸ் − 3 = 0, எக்ஸ் = 3. தனியாக யோசித்துக் கண்டுபிடித்த அதே விடை தானாகவே வந்து நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இதுதான்.

எண்களுக்குப் பின்னால் பொருள் இருக்கும்போது

சாதாரணக் காற்றழுத்தத்தில் தண்ணீர் உறையும் வெப்பநிலை செல்சியஸில் 0, ஃபாரன்ஹீட்டில் 32. கொதிக்கும் வெப்பநிலை செல்சியஸில் 100, ஃபாரன்ஹீட்டில் 212. இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன: (0, 32), (100, 212). சாய்வு 180 ÷ 100, அதாவது 9/5. வெட்டுத்துண்டு தேட வேண்டியதே இல்லை, முதல் புள்ளியிலேயே 32 என்று இருக்கிறது.

ஃபாரன்ஹீட் = (9/5) × செல்சியஸ் + 32

பலர் மனப்பாடம் செய்திருக்கும் சூத்திரம்தான். தண்ணீர் உறைவதும் கொதிப்பதும் தெரிந்தால் போதும், நீங்களே ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். 37 போட்டால் 98.6 வரும், காய்ச்சல் பார்க்கும்போது கேள்விப்பட்ட எண். −40 போட்டால் −72 + 32 = −40. இரண்டு அளவும் ஒன்றாகிவிடும் ஒரே இடம் அது.

இன்னொன்று, இறங்கும் கோட்டுக்கு. ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி 2 மணி நேரத்தில் 16 சென்டிமீட்டர் உயரம், 5 மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாய்வு (10 − 16) ÷ (5 − 2) = −2. மணிக்கு 2 சென்டிமீட்டர் குறைகிறது. இரண்டு மணி நேரம் பின்னால் போனால் 16 + 4 = 20, ஏற்றும்போது இருந்த உயரம். உயரம் = −2 × நேரம் + 20. ஏற்றி 10 மணி நேரத்தில் உயரம் பூச்சியமாகும். சாய்வு எரியும் வேகமாகவும் வெட்டுத்துண்டு முழு உயரமாகவும் ஆகிவிட்டதைக் கவனியுங்கள். 12 மணி நேரத்துக்குச் சமன்பாடு −4 என்று விடை தரும், ஆனால் அங்கே மெழுகுவர்த்தியே இல்லை. சமன்பாடு எந்த எல்லை வரை செல்லும் என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

அளவெடுத்த எண்களோடு வேலை செய்கிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். எந்த இரண்டு புள்ளிகளைக் கொடுத்தாலும் ஒரு கோடு வந்தே தீரும். கோடு வந்துவிட்டது என்பதால் மெழுகுவர்த்தி ஒரே சீராகத்தான் எரிகிறது என்று ஆகிவிடாது. 7 மணி நேரத்தில் மூன்றாவது முறை அளந்து பாருங்கள். 6 சென்டிமீட்டர் இருந்தால் கோட்டை நம்பலாம். 8 இருந்தால் எரியும் வேகம் நடுவில் மாறியிருக்கிறது, அல்லது அளந்ததில் எங்கோ பிசகு.

போட்டுப் பார்க்க நான்கு கணக்கு

1. (1, 9), (4, 3)
2. (4, 0), (0, 6)
3. (−2, 3), (−2, −8)
4. (−1, −5), (2, 4). இந்தக் கோட்டின் மேல் (10, 28) இருக்கிறதா?

ஒவ்வொன்றையும் மற்ற புள்ளியை வைத்து நீங்களே சரிபார்த்த பிறகு கீழே பாருங்கள்.

முதலாவது ஒய் = −2 எக்ஸ் + 11. இரண்டாவதில் வெட்டுத்துண்டு 6 என்று புள்ளியிலேயே இருக்கிறது; சாய்வு −3/2; பின்னம் இல்லாமல் எழுதினால் 3 எக்ஸ் + 2 ஒய் = 12. மூன்றாவதில் இரண்டு எக்ஸும் ஒன்று, ஆகவே எக்ஸ் = −2. நான்காவது ஒய் = 3 எக்ஸ் − 2; அதில் 10 போட்டால் 28 வருகிறது, எனவே (10, 28) கோட்டின் மேல்தான் இருக்கிறது.